தேய்க்கிற ஆள்

மார்ச் 3

பட்டறைக் குழாய் மறுபடியும் சொட்டுகிறது. வாளியை வைத்தேன். நிறைந்தது. வேறு வாளியை வைத்தேன். இன்றைக்கு நான் செய்த வேலை இவ்வளவுதான்.

கன்றின் மேல் கிடந்த சாக்கை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போர்த்தினேன். ஐந்து வருடமாகப் படுத்திருக்கிறது. முன்னங்கால்களை மடித்து, கழுத்தைப் பின்னால் திருப்பி, தன் முதுகிலேயே முகத்தைச் சாய்த்திருக்கும் கன்று. உளி வேலை முடிந்துவிட்டது. தேய்ப்பு பாக்கி. எழுதுவதற்கு இரண்டே வார்த்தைதான்.

தபாலில் அருங்காட்சியகத்தின் கடிதம் வந்தது. என் நாற்பது வருட வேலையை ஒரே கூடத்தில் வைக்கப் போகிறார்களாம். ஜூன் முதல் வாரம் திறப்பு. இருபத்தேழு விலங்குகளை எங்கெங்கிருந்தோ இரவல் வாங்கிவிட்டார்களாம். கடைசி வரியில், தங்களின் புதிய படைப்பு ஒன்றும் இடம்பெற்றால் பெருமகிழ்ச்சி அடைவோம் என்று ஒரு கொக்கி.

மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். "நீங்க தேய்ச்சு முடிக்கிறதுக்குள்ள அந்தக் கன்னு பசுவாகி இன்னொரு கன்னு போட்டுடும்" என்றாள். கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்து அதன் மேல் கடிகாரத்தை வைத்தாள். நான் தொலைத்துவிடக் கூடாதாம்.

மார்ச் 5

கன்றின் விலாவில் அரை மணி நேரம் தேய்த்தேன். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. அதனால் நிறுத்திவிட்டேன்.

மார்ச் 8

அருங்காட்சியகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். கண்காட்சிக்கு அவள்தான் பொறுப்பு. கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் காத்திருக்கத் தெரிந்தவள். அதுதான் சங்கடம்.

என் பழைய வேலைகளின் படங்களை மேஜையில் வரிசையாகப் பரப்பினாள். ஆரம்ப காலத்து நாய்: பல் பல்லாக வெட்டியிருக்கிறேன். பூனை: மீசையே பன்னிரண்டு. அப்படி ஏழெட்டு. அதற்குப் பிறகு முயல். அதன் பிறகு நீர்நாய், தூங்கும் கரடி, வாத்து, எருமை என்று எல்லாம் கண்ணில்லாமல், ரோமமில்லாமல், வழவழவென்று ஒரே மூச்சில் ஊதியது போல.

முயலின் படத்தில் விரலை வைத்தாள். "இதுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் கண்ணு இருக்கு, நகம் இருக்கு. இதிலேர்ந்து எதுவுமே இல்லை. இந்த முயல் செய்யும்போது என்ன ஆச்சு சார்?"

வழக்கமான பதிலைச் சொன்னேன். கண் இருந்தால் பார்ப்பவன் கண்ணைத்தான் பார்ப்பான், கண்ணை எடுத்துவிட்டால் முயலைப் பார்ப்பான் என்று. இருபத்தெட்டு வருடமாகச் சொல்லி வருகிறேன், கூட்டங்களில், பத்திரிகைகளில், ஒரு முறை வானொலியில். நல்ல வாக்கியம்தான். அவள் எழுதிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மனைவி தேநீர்த் தட்டை மேஜையில் வைத்தாள், தேவைக்குக் கொஞ்சம் அதிகமான சத்தத்தோடு.

அவள் போன பிறகு மனைவி சொன்னாள்: "தான் புடிச்ச முயலுக்கு மூணு காலுன்னு சொல்வாங்க. உங்க முயலுக்கு ஒரு காலும் இல்லை. அதையும் ஊரையே நம்ப வெச்சுட்டீங்க."

மார்ச் 10

இந்த நோட்டில்கூட நான் இதை எழுதியதில்லை. எழுதினால் என்ன? யார் படிக்கப் போகிறார்கள்?

என் மனைவியின் தம்பி. லாரி வாங்கி ஓட்டி, பிறகு லாரி அவனை ஓட்டி, கடைசியில் லாரி இல்லாமல் எங்கள் வாசலில் வந்து நின்றபோது அவனுக்கு முப்பத்தொரு வயது. பத்து நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று அக்காவிடம் சொன்னான். பதினோராம் நாள் நான் அவனைப் 'பத்துநாள்' என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவனும் என்ன அத்தான் என்று திரும்பிப் பார்க்க ஆரம்பித்தான். பத்தொன்பது வருடம் இருந்தான்.

சும்மா இருக்கிற கைக்கு ஒரு வேலை என்று தேய்ப்பைக் கொடுத்தேன். உளியின் தழும்பு போகும்வரை முதலில் கரடுமுரடான கல், பிறகு உப்புத்தாள், தண்ணீர் விட்டுவிட்டு, நாள் கணக்காக. எனக்குப் பொறுமை கிடையாது. அவனுக்கு அது மட்டும்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தேய்ப்பான். தூங்குகிறான் என்று நினைத்துக் கல் சில்லை எடுத்து மேலே எறிவேன். கண்ணைத் திறக்காமலே சிரிப்பான்.

முயல் மாக்கல். மடியில் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் இருக்கும். ஓவியக்கூடம் நடத்திய ஒருவருக்காகச் செய்தது. ரோமம், மீசை, பெரிய கண் எல்லாம் வெட்டி முடித்த அன்று எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். "லேசா தேய்ச்சு வை" என்று இவனிடம் சொன்னேன். ஐந்தாம் நாள் எழுந்து பட்டறைக்கு வந்து பார்த்தால் மீசை இல்லை. ரோமம் இல்லை. கண் இருந்த இடம் தெரியவில்லை. காது முதுகோடு முதுகாக அமிழ்ந்துவிட்டது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனதாகச் சொல்வார்கள். என் பட்டறையில் முயல் தேய்ந்து கூழாங்கல் ஆகியிருந்தது.

கத்தினேன். என்னென்னவோ சொன்னேன். சோத்துக்கு வந்தவன் சோத்தோட நிக்கணும் என்றும் சொன்னேன். முயலின் காதுக்குப் பின்னால் எங்கேயோ தேய்த்துக்கொண்டிருந்தவன் கையை எடுத்துவிட்டான்.

அந்தக் கத்தலுக்கு நடுவில்தான் ஓவியக்கூடத்துக்காரர் உள்ளே வந்தார். முயலைச் சுற்றி வந்தார். கை வைத்தார். எடுக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, "இது நீங்க வேணும்னே இப்படிப் பண்ணினதா?" என்று கேட்டார்.

ஆமா என்றேன்.

அவன் தண்ணீர் வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ஒரு தடவை என்னைப் பார்த்தான். பிறகு தண்ணீர் மாற்ற வெளியே போனான்.

அந்த ஒரு ஆமாவை வைத்துத்தான் இருபத்தெட்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானமும் உண்டு. தவறு அவனுடையது, அது நல்ல தவறு என்று கண்டுகொண்ட கண் என்னுடையது. கைதவறி நடப்பது யாருக்கும் நடக்கும். அதைப் பிடித்துக்கொள்வதுதான் கலை. அப்படித்தானே? ஓவியக்கூடத்துக்காரர் வரும்வரை நான் கண்டுகொள்ளவில்லை என்பதை மட்டும் அந்தச் சமாதானத்தில் சேர்ப்பதில்லை.

மார்ச் 14

ஆரம்பித்ததை முடித்துவிடுகிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகையிலிருந்து படம் எடுக்க வந்தார்கள். பட்டறையில் எருமை நடுவில் இருந்தது. அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தான். படக்காரர், "சார் தனியா வேணும்" என்றார். நான் அவனைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னேன். எழுத வந்த பெண், அவர் யார் என்று கேட்டாள். என் மச்சினன் என்று சொல்லியிருக்கலாம். கூட வேலை செய்பவர் என்று சொல்லியிருக்கலாம். அவன் பெயரைச் சொல்லியிருக்கலாம், அது ஒன்றும் நீளமான பெயர் இல்லை.

"தேய்க்கிற ஆள்" என்றேன்.

அவன் காதில் விழுந்தது. மறுநாள் காலையில் பாயைச் சுருட்டி வைத்தான். போர்வையை மடித்தான். பட்டறைக் குழாய்க்குப் புது வாஷர் போட்டான். சமையலறை வாசலில் நின்று அக்காவிடம் சொன்னான்: "பத்து நாள் முடிஞ்சிடுச்சுக்கா."

நான் அப்போது சவரம் செய்துகொண்டிருந்தேன். முகத்தில் சோப்பு. வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு ஆள் வைத்துப் பார்த்தேன். ஒருவர் இயந்திரம் கொண்டு வந்தார். புதிதாக வெட்டிய வேறொரு வாத்து குளியல் சோப்பு மாதிரி ஆகிவிட்டது. இன்னொருவர் எங்கே நிறுத்தட்டும் என்று என்னையே கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? ஒன்பது வருடமாக நான் ஒரு விலங்கைக்கூட முடிக்கவில்லை. வெளியே யாருக்கும் தெரியாது. பழையதைக் காட்டியே பொழுது போய்க்கொண்டிருக்கிறது.

மார்ச் 15

'மனைவியிடம் சொல்லியிருப்பேன், அவள் கேட்டதில்லை' என்று நேற்று எழுத வந்து, பொய் என்று விட்டுவிட்டேன். முயல் விஷயம் அவளுக்குத் தெரியும். அன்றைக்குப் பட்டறை வாசலில்தான் நின்றிருந்தாள்.

மார்ச் 20

மதியம் துணி மடித்துக்கொண்டே அவளாகவே சொன்னாள். தம்பி ஆற்றுக்கு அப்பால் ஒரு கைப்பிடிப் பட்டறையில் இருக்கிறானாம். இரண்டு பஸ். மாதா மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாளாம்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என்றால் பழைய சிநேகிதி வீட்டுக்குப் போகிறாள் என்றுதான் நான் ஒன்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஏன் சொல்லவில்லை என்றேன்.

"எங்க போறேன்னு நீங்க கேட்டதே இல்லையே."

மார்ச் 23

ஆற்றுக்கு அப்பால் போகிற பஸ் வந்தது. ஏறவில்லை. வீட்டுக்கு வந்து கூட்டம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பஸ்ஸில் என்ன கூட்டம் என்று அவள் கேட்கவில்லை.

மார்ச் 27

போனேன்.

கோடாரிக்கு, குடைக்கு, கைத்தடிக்கு மரக் கைப்பிடி செய்யும் பட்டறை. சுவர் முழுக்கக் கொக்கிகளில் தொங்குகின்றன. அவன் ஜன்னலோரம் ஒரு கைத்தடிப் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். கண் மூடியிருந்தது. தலை முழுக்க நரைத்துவிட்டது. என் நிழல் மேலே விழுந்தும் திறக்கவில்லை. பிடியின் வளைவு முடிந்த பிறகுதான் திறந்தான்.

"வாங்க அத்தான்" என்றான், நேற்றுப் பார்த்தவன் போல. ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். என் முழங்கால் வலியைக் கேட்டான், அக்காவின் ரத்த அழுத்தத்தைக் கேட்டான், பஸ் எப்படி இருந்தது என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். அவன் விரல்களைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன்.

பிறகு நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு போனதைச் சொன்னேன். அந்தப் பத்திரிகைக்காரி முன்னால் பேசியது தப்பு என்றேன். கண்காட்சி பற்றிச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வாய் சும்மா இருந்தால்தானே? கன்று ஒன்று பாதியில் கிடக்கிறது என்றும் சொல்லிவிட்டேன்.

பிடியில் படிந்த தூளை ஊதினான். "மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, வேலைக்குக் கூப்பிட வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான்."

சிரித்துவிட்டான். "இதையாவது மறைக்காம சொன்னீங்களே" என்றான். அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஏதோ தானம் கொடுக்கிறவன் மாதிரி சொன்னேன்: அன்றைக்கு நீ தெரியாமல் தேய்த்ததுதான் எனக்கு வாழ்வு கொடுத்தது, அதைக் கூட்டத்தில் சொல்லிவிடப் போகிறேன் என்று.

அவன் கை நின்றது.

"தெரியாமயா?"

தலையாட்டினேன்.

"நாலு நாள் அத்தான். கண்ணு ஒரே நாள்ல போயிடல. அந்த முயல் பயந்துக்கிட்டே இருந்துச்சு. மொதல்ல மீசைய எடுத்தேன். அடங்கல. அப்புறம் கண்ண எடுத்தேன். அதுக்கப்புறம்தான் அது உக்காந்துச்சு." கைத்தடிப் பிடியைத் திருப்பிப் பார்த்தான். "கைதவறிப் போச்சுன்னா இவ்வளவு வருஷமும் நெனச்சீங்க?"

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். யார் கேட்டார்கள் என்றான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

முயலுக்கு அவன் பெயரைப் போடுகிறேன் என்றேன். தலையாட்டினான், வேண்டாம் என்றும் இல்லை, சரி என்றும் இல்லை. "மத்ததெல்லாம் நீங்க வெட்டினது. அதுல எனக்கு ஒண்ணும் வேணாம். முயலுக்கு இப்பப் பேரு போட்டாலும் உங்களுக்குத்தான் நல்ல பேரு. எவ்வளவு பெரிய மனசும்பாங்க. போட்டா போடுங்க, போடாட்டி விடுங்க. என்கிட்ட வந்து கேக்காதீங்க."

கிளம்பும்போது வாசல் வரை வந்தான். அங்கே நின்று, இவ்வளவு நேரமும் அதைக் கேட்கத்தான் காத்திருந்தவன் மாதிரிக் கேட்டான். "முயலோட வலது காதுக்குப் பின்னாடி ஒரு இடம் முடியலை. நீங்க கத்தினதுல கைய எடுத்துட்டேன். இன்னும் அப்படியேதான் இருக்கா?"

தெரியவில்லை என்றேன். உண்மை. அப்படி ஓர் இடம் இருப்பதே எனக்குத் தெரியாது.

மார்ச் 28

நாலு நாள். நான் காய்ச்சல்ல கம்பளியப் போத்திக்கிட்டுக் கிடந்த நாலு நாளும் அவன் அந்த முயலோட பேசிக்கிட்டு இருந்திருக்கான். நான் வெட்டினது பயந்த முயல். அது எனக்குத் தெரியல. அவனுக்குக் கண்ண மூடினா தெரிஞ்சிருக்கு. அப்புறம் நான் என்னத்தக் கண்டுபிடிச்சேன்? தவறு அவனுது, கண்ணு என்னுதுன்னு — அந்தக் கண்ணுமா என்னுது இல்ல?

ஏப்ரல் 2

மனைவி: "பேச வேண்டியது வாய்ல இருக்கும்போது முகத்தை ஏன் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க?"

ஏப்ரல் 19

அருங்காட்சியகப் பெண் தொலைபேசினாள். ஒவ்வொரு விலங்குக்கும் கீழே வைக்கப் போகும் அட்டை அச்சுக்குப் போகிறதாம், வாசிக்கிறேன் சரியா என்று பாருங்கள் என்றாள். முயல், மாக்கல், பிறகு என் பெயர். அதன் கீழே கண்ணை எடுத்தால் முயலைப் பார்ப்பான் என்ற அந்த வாக்கியம்.

சொல்ல வாயெடுத்தேன். பின்னால் அச்சகத்துக்காரர் காத்திருக்கிறார் என்று சொன்னாள். அவரைக் காக்க வைக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. இருபத்தெட்டு வருடம் ஒருவனைக் காக்க வைத்தவனுக்கு அச்சகத்துக்காரர் மேல் திடீரென்று இரக்கம்.

சரியாக இருக்கிறது என்றேன். கன்று வராது என்பதை மட்டும் சொன்னேன்.

மே 30

கூட்டத்தில் பேச வேண்டியதை எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். முயல், காய்ச்சல், நான்கு நாள், ஆமா, எல்லாம் இருக்கிறது. மனைவியிடம் கொடுத்தேன். படித்தாள். என் வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட்டாள். பாக்கெட்டில் காகிதத்தை அவளே மடித்து வைத்தாள். அவள் கை என் சட்டையின் மேல் கொஞ்ச நேரம் இருந்தது.

ஜூன் 5

இருநூறு பேர் இருப்பார்கள். எல்லா விலங்குகளும் ஒரே கூடத்தில். முயல் நடுவில், தனி மேடையில், சுற்றிலும் கயிறு. "தொடாதீர்கள்" என்ற பலகை. கண்ணால் பார்ப்பதற்கு அதில் என்ன இருக்கிறது?

அருங்காட்சியகத் தலைவர் பேசினார். கல்லின் கண்ணை மூடி நம் கண்ணைத் திறந்தவர் என்று என்னைச் சொன்னார். கைதட்டல் அடங்கவே இல்லை. அந்தக் கைதட்டலோடுதான் நான் எழுந்து போனேன். பாக்கெட்டில் கை வைத்தேன். காகிதம் இருந்தது. முன்வரிசையில் ஒரு சிறுமி அப்பாவின் தோளில் சாய்ந்து முயலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த வேலைக்குப் பின்னால் பல கைகளின் உழைப்பு இருக்கிறது, அவர்கள் எல்லோருக்கும் நன்றி என்றேன்.

பல கைகளாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். மனைவி தன் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாகவே இருந்தது. அவன் வரமாட்டான் என்று தெரிந்தும் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள்.

ஜூன் 6

வெள்ளைச் சட்டை துவைக்கப் போயிருக்கிறது. காகிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்திருக்கிறாள்.

ஜூன் 24

காலை பதினொரு மணிக்கு அந்தப் பெண் காரோடு வந்தாள். உடனே வர வேண்டும், முயலுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றாள். வழியில் சொன்னாள்.

நேற்று மதியம் ஒரு பெரியவர் டிக்கெட் வாங்கிக்கொண்டு, வரிசையில் நின்று உள்ளே வந்திருக்கிறார். வேறு எதையும் பார்க்கவில்லையாம். கயிற்றைத் தாண்டிப் போய், கண்ணை மூடிக்கொண்டு, முயலின் மேல் கை வைத்திருக்கிறார். காவலாளி சாப்பாட்டிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது கையில் சின்னதாக ஒரு கட்டை, அதைச் சுற்றி உப்புத்தாள். காதுக்குப் பின்னால் தேய்த்துக்கொண்டிருந்தாராம். கையைப் பிடித்து இழுத்ததும் ஒன்றும் செய்யாமல் வந்துவிட்டாராம். காவலாளிகள் அறையில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, முகவரி எழுதி வாங்கி, அனுப்பியிருக்கிறார்கள்.

"யாருன்னு எத்தனையோ தடவை கேட்டோம் சார். பேரே சொல்லல. தேய்க்கிற ஆள்னு மட்டும் சொன்னார்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் நல்ல பெண். வானொலியைப் போட்டுவிட்டாள்.

தலைவரின் அறையில் முயலை மேஜை மேல் கம்பளி விரித்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் போலீஸுக்குப் புகார், தட்டச்சு செய்து தயாராக. எவ்வளவு சேதம் என்று நான் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டேன். மூக்கிலிருந்து ஆரம்பித்தேன். நெற்றி, காது, காதுக்குப் பின்னால், முதுகு, பின்தொடை. கை எங்கேயும் தடுக்கவில்லை. தண்ணீர் போலப் போயிற்று. இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக என் முயலைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன். என் முயல் என்று எழுதிவிட்டேன், பார்.

"சேதம் எதுவும் இல்ல" என்றேன். "கொஞ்சம் வேலை பாக்கி இருந்தது. செஞ்சவர் வந்து முடிச்சுட்டுப் போயிருக்கார்."

அந்தப் பெண் தனக்குத் தெரிந்த விதத்தில் காத்திருந்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், காகிதம் இல்லாமலே. தலைவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற காவலாளி மட்டும்தான் பேசினார். "அப்போ அவரை ரெண்டு மணி நேரம் மூலையில உக்கார வெச்சுட்டோமே சார்" என்றார். அவர் முகம் சுருங்கிவிட்டது. உட்கார வைத்தது நீங்கள் இல்லை என்று சொல்லியிருக்கலாம், இப்போதுதான் தோன்றுகிறது.

இருநூறு பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை மூன்று பேர் முன்னால் சொன்னேன். அதுவும் அவனைத் திருடனைப் போல மூலையில் உட்கார வைத்த பிறகு.

ஜூன் 25

மனைவியிடம் சொன்னேன். அழுதாள். பிறகு, சாப்பிட்டானா என்று கேட்டீர்களா என்றாள். கேட்கவில்லை.

ஜூலை 3

புது அட்டை வைத்துவிட்டார்கள். யார் பெயர் முன்னால் என்று அந்தப் பெண் கேட்டாள். அவன் பெயர் என்றேன். என் வாக்கியத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

ஜூலை 8

பத்திரிகையில் வந்திருக்கிறது. தலைப்பு: மேதையின் பெருந்தன்மை. என் படம் பெரிதாக. அவன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் சொன்னது வார்த்தை மாறாமல் நடந்துவிட்டது. திருத்தச் சொல்லித் தொலைபேசினேன். உங்கள் அடக்கம் எங்களுக்குப் புரிகிறது சார் என்றார்கள். வைத்துவிட்டேன்.

ஜூலை 13

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. மனைவி கிளம்பும்போது, அவனைக் கூட்டிக்கொண்டு வா என்று சொன்னேன். வேலைக்கு இல்லை, சும்மா, சாப்பிட என்றேன். நானும் வரட்டுமா என்றும் கேட்டேன். இன்றைக்கு வேண்டாம் என்றாள்.

நாலு மணிக்குத் திரும்பி வந்தாள். தனியாகத்தான். அட்டை மாற்றியதைச் சொன்னாளாம். அவன் தேய்த்துக்கொண்டே, சரி என்றானாம். வீட்டுக்கு வாடா என்றாளாம். "குழாய் இன்னும் சொட்டுதா?" என்று கேட்டானாம். சொட்டுகிறது என்றதும், வாஷர் மாற்றச் சொல்லு, ரெண்டு நிமிஷ வேலை என்றானாம். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் கிளம்பும்போது செய்தித்தாளில் சுற்றி ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறான்.

"கன்னு உங்களோடதாம். உங்க கையாலதான் முடியணுமாம்" என்று என்னிடம் நீட்டினாள். "கண்ண மூடிக்கிட்டுத் தேய்க்கச் சொன்னான். கை தடுக்காதப்போ நிறுத்திடச் சொன்னான்."

பிரித்தேன். அவனுடைய தேய்ப்புக் கட்டை. உப்புத்தாளைச் சுற்றிப் பிடிக்கிற, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய மரத்துண்டு. என் பட்டறையில் பத்தொன்பது வருடம், அங்கே ஒன்பது வருடம். அருங்காட்சியகத்தில் அவன் கையில் இருந்ததாகச் சொன்னார்களே, அதுவும் இதுதான். ஒரு பக்கத்தில் அவன் கட்டைவிரல் பதிந்து பதிந்து ஆழமாக ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. என் விரலை வைத்துப் பார்த்தேன். உட்காரவில்லை. அவன் விரல் என்னுடையதைவிட அகலம்.

குழாய்க்கு வாஷர் மாற்றினேன். சொட்டு நின்றுவிட்டது. கன்றின் மேலிருந்த சாக்கை எடுத்து மடித்து வைத்தேன். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, கழுத்திலிருந்து ஆரம்பித்தேன். மனைவி விளக்கு போட வரும்வரை தேய்த்தேன்.

கை இன்னும் தடுக்கிறது.